அல்லோகேமி என்றால் மற்றப் பூவா, மற்றச் செடியா?

இலைக்காம்பு:

வணக்கம். தாவரவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். அல்லோகேமி என்ற சொல்லில் ஒரு சிக்கல்.

என்னிடம் உள்ள ஒரு புத்தகம் அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது: ‘அல்லோகேமி என்பது அயல் மகரந்தச் சேர்க்கை, ஒரு பூவின் மகரந்தம் வேறொரு பூவின் சூலகமுடியை (பெண் உறுப்பின் நுனியை) சேர்வது.’ பிறகு அதையே இரண்டாகப் பிரிக்கிறது. ஒரே செடியின் இரண்டு பூக்களுக்குள் நடந்தால் கெய்டனோகேமி, வெவ்வேறு செடிகளுக்கு இடையே நடந்தால் ஜீனோகேமி. இதுவரை குழப்பம் இல்லை. ஆனால் பயிர்ப்பெருக்கம் பற்றிய இன்னொரு புத்தகத்தில் கெய்டனோகேமியைத் தன் மகரந்தச் சேர்க்கையோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

பூசணிக்கொடியை வைத்து யோசித்துப் பார்த்தேன். ஒரே கொடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. காலையில் ஒரு தேனீ ஆண்பூவுக்குள் புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சளாக வெளியே வந்து, இரண்டு கணு தள்ளியிருந்த பெண்பூவுக்குள் நுழைந்தது. முதல் புத்தகத்தின்படி இது அல்லோகேமி. இரண்டாவதன்படி தன்சேர்க்கை. எதை எடுத்துக்கொள்வது?

இந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது, யார் உண்டாக்கினார்கள் என்றும் தெரிந்தால் நன்றாக இருக்கும். அகராதியில் ‘கேமி’ என்பதற்குத் திருமணம் என்று போட்டிருக்கிறது. அது செடிக்கு எப்படி வந்தது? அப்புறம், அது மகரந்தச் சேர்க்கையைக் குறிக்கிறதா, கருவுறுதலையா?


வேர்ச்சொல்:

சொல்லின் பிறப்பை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பூசணி விஷயத்தைப் பயிரில் கைவைத்தவர்கள் சொல்லட்டும்.

இரண்டு பாதியும் கிரேக்கம். ‘அல்லோஸ்’ என்றால் மற்ற, வேறான. ‘காமோஸ்’ என்றால் திருமணம். முன்பாதி நமக்கு ஏற்கெனவே பழக்கம்: அலோபதியில் இருப்பதும் இதே ‘அல்லோ’தான். ஹோமியோபதியைத் தொடங்கிய ஹானிமன், தன் முறைக்கு மாறான மருத்துவத்துக்கு வைத்த பெயர் அது. வேதியியலில் வைரமும் கிராஃபைட்டும் கார்பனின் அலோட்ரோப்கள் என்று படித்திருப்பீர்கள், அதிலும் இதே சொல். பின்பாதி மோனோகேமி, பாலிகேமியில் இருக்கிறது. இனச்செல்லைக் ‘கேமீட்’ என்கிறோமே, அதுவும் இந்த வேரில் முளைத்ததுதான். கிரேக்கத்தில் கணவனையும் மனைவியையும் குறித்த சொற்கள் அதற்கு மூலம்.

‘காமோஸ்’ என்று தமிழில் எழுதியதும் ‘காமம்’ நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உறவு இல்லை. ஒலி மட்டும் ஒத்துப்போகிறது. வகுப்பில் யாராவது இரண்டையும் முடிச்சுப் போட்டால் நம்பிவிடாதீர்கள்.

செடிக்குத் திருமணம் வந்த கதை இது. பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருக்கின்றன என்பதைச் சோதனை செய்து காட்டியவர் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரத்து ருடால்ஃப் யாகோப் கமேராரியஸ். ஆமணக்கில் ஆண்பூக்கள் வெடிக்கும் முன்பே அவற்றைக் கிள்ளி எடுத்தார். முளைக்கக்கூடிய விதை ஒன்றும் பிடிக்கவில்லை. இதையெல்லாம் 1694இல் ஒரு நீண்ட கடிதமாக எழுதி வெளியிட்டார். அதற்கு அடுத்த தலைமுறையில் ஸ்வீடனின் லின்னேயஸ் வந்தார். மகரந்தத்தாள்களைக் கணவர்களாகவும் சூலகத்தை மனைவியாகவும் வைத்து, தாவர உலகம் முழுவதையும் வகுப்புகளாகப் பிரித்தார் (1735). ஒரே மகரந்தத்தாள் உள்ளவை ‘மோனாண்ட்ரியா’, அதாவது ஒரு கணவன். பூவே கண்ணில் படாத பாசி, பெரணி, காளான் எல்லாம் ‘கிரிப்டோகேமியா’, மறைவுத் திருமணம். கிரிப்டோகேம்கள் என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? அங்கிருந்துதான் ‘கேமி’ என்பது தாவரவியலில் ஒரு பின்னொட்டாகவே நிலைத்தது.

அதன்பின் ஒரு குடும்பமே உருவாகிவிட்டது. ‘ஆட்டோஸ்’ என்றால் தான், ஆகவே ஆட்டோகேமி தன்னோடு மணம். ‘கெய்டோன்’ என்றால் பக்கத்து வீட்டுக்காரர், அதிலிருந்து கெய்டனோகேமி. ‘க்ஸெனோஸ்’ என்றால் அந்நியர், விருந்தினர் இரண்டும், அதிலிருந்து ஜீனோகேமி. கெய்டனோகேமி, ஜீனோகேமி என்ற இரண்டையும் தந்தவர் ஆஸ்திரியத் தாவரவியலாளர் அன்டோன் கெர்னர் (1831–1898). இவை புழக்கத்துக்கு வந்தது 1870களில். கெர்னரின் பாகுபாட்டில் ஆட்டோகேமி ஒரு பக்கம், அல்லோகேமி ஒரு பக்கம். அல்லோகேமிக்குள் பக்கத்து வீடும் அந்நியரும். உங்கள் முதல் புத்தகம் அவரை அப்படியே பின்பற்றுகிறது.


நாற்றங்கால்:

வேர்ச்சொல் ஐயா பிறப்பைச் சொல்லிவிட்டார், அதனால் என் வேலை பாதியாகிவிட்டது. நான் பயிர்ப்பெருக்கத்தில் வேலை பார்ப்பவள். பூவைப் பிரித்து, மகரந்தம் மாற்றி, பை கட்டி விதை எடுப்பதுதான் என் பிழைப்பு. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

தம்பி, உங்கள் இரண்டு புத்தகமும் தப்பு இல்லை. முதல் புத்தகம் மகரந்தம் எப்படிப் பயணப்பட்டது என்று பார்க்கிறது. இரண்டாவது, விதைக்குள் என்ன போய்ச் சேர்ந்தது என்று பார்க்கிறது. பூசணியில் மகரந்தம் தானாக நகராது. தேனீ வேண்டும், ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போயே ஆக வேண்டும். பயணத்தை மட்டும் பார்த்தால் அது அயல் சேர்க்கைதான். ஆனால் கொடி ஒன்று. தாயும் தகப்பனும் ஒரே கொடி. விதைக்குப் புதிதாக ஒரு மரபணுவும் வரவில்லை. என்னைக் கேட்டால், அல்லோகேமியில் வரும் ‘மற்றது’ மற்றச் செடிதான், மற்றப் பூ அல்ல. இதை என் விருப்பத்துக்குச் சொல்லவில்லை. இதற்குச் சோதனையே இருக்கிறது, அதுவும் இந்தச் சொற்கள் பிறந்த அதே பத்தாண்டில் அச்சேறியது.

டார்வின் லினேரியா என்ற சிறு பூச்செடியின் நாற்றுகளை இரண்டு பெரிய பாத்திகளில் வளர்த்தார். ஒன்றில் தன்சேர்க்கை விதை, மற்றதில் அயல்சேர்க்கை விதை. அவர் தேடியது வேறு எதையோ. ஆனால் அயல்சேர்க்கை நாற்றுகள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு உயரமாகவும் வலுவாகவும் நின்றன. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், 11 ஆண்டுகள் இந்த ஒரே கேள்வியில் இறங்கினார். 1876இல் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

அவர் செய்த முறையைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது. செடியைப் பூச்சி நுழையாத வலையால் மூடுவார். சில பூக்களுக்கு அவற்றின் சொந்த மகரந்தம், சில பூக்களுக்கு வேறு செடியின் மகரந்தம். இரண்டு வகை விதைகளையும் ஈரமணலில் முளைக்கப் போடுவார். ஒரே நேரத்தில் முளைத்த ஒரு ஜோடியை எடுத்து, ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நடுவார். மண், தண்ணீர், வெளிச்சம், முளைத்த நேரம் எல்லாம் ஒன்று. பிறப்பு மட்டும் வேறு. ஊதாப்பூ விடும் ஐப்போமியா கொடியில் இதைப் பத்துத் தலைமுறை தொடர்ந்தார். அயல்சேர்க்கைக் கொடிகளின் சராசரி உயரத்தை 100 என்று வைத்தால், தன்சேர்க்கைக் கொடிகள் 77 வரைதான் வந்தன.

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். நம் கேள்விக்கான விடை இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அவர் ஒரே ஐப்போமியா கொடியிலேயே ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்கு வைத்தும் பார்த்தார். அதாவது உங்கள் பூசணித் தேனீ செய்ததை அவர் கையால் செய்தார். அந்த விதையிலிருந்து வந்த கொடிகளுக்கு ஒரு அனுகூலமும் கிடைக்கவில்லை. பூவின் சொந்த மகரந்தத்தில் பிறந்த கொடிகளைவிட அவை மேலாக வளரவில்லை. அதற்கு நேர்மாறாக, வேறொரு தோட்டத்தில் வேறு சூழலில் வளர்ந்து வந்த அதே இனக் கொடியின் மகரந்தத்தைக் கொடுத்தபோது பிள்ளைகள் எல்லோரையும் தாண்டிப் போனார்கள். பூ மாறுவதில் பயன் இல்லை, பெற்றோர் வேறுபட்டிருப்பதில்தான் பயன் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

காரணம் இன்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு செடியும் கெடுதலான சில மரபணுக்களை ஒடுங்கிய நிலையில் சுமக்கிறது. ஜோடியில் ஒன்று நல்லதாக இருந்தால் கெட்டது வெளியே தெரியாது. தன்சேர்க்கையில் இரண்டும் கெட்டதாகச் சேரும் வாய்ப்பு தலைமுறைக்குத் தலைமுறை ஏறுகிறது. கெய்டனோகேமியிலும் அதே கணக்குதான், ஏனென்றால் இரண்டு பூவுக்கும் மரபணு ஒன்றே.

இதைச் செடியே உணர்ந்ததுபோல நடந்துகொள்வதைப் பார்க்க வேண்டுமானால் சூரியகாந்தியின் தலையை அருகில் போய்ப் பாருங்கள். நாம் ஒரு பூ என்று சொல்வது நூற்றுக்கணக்கான சிறுபூக்களின் கூட்டம். வட்டின் விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி வரிசை வரிசையாக மலரும். ஒவ்வொரு சிறுபூவிலும் மகரந்தப்பைகள் ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாக நிற்கும். முதல் நாள் அந்தக் குழாய்க்குள் மகரந்தம் உதிரும். உள்ளிருந்து சூலகத்தண்டு மேலே ஏறி, மகரந்தத்தை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். அப்போது சூலகமுடியின் இரண்டு கிளைகளும் கை கூப்பியதுபோல மூடியிருக்கும், எதையும் ஏற்காது. அடுத்த நாள்தான் அவை விரிந்து வெளிப்பக்கம் சுருளும். ஆண் முன்முதிர்வு என்று படிக்கிறீர்களே, அது இதுதான். ஒரு லென்ஸ் இருந்தால் போதும், ஒரே தலையில் இரண்டு நிலையையும் பார்த்துவிடலாம்: வெளி வரிசையில் விரிந்த சூலகமுடிகள், அடுத்த உள்வரிசையில் மஞ்சள் தூளோடு நிற்கும் குழாய்கள்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. சிறுபூ தன்னைத் தானே தொடவில்லை, சரி. ஆனால் தேனீ உள்வரிசையில் மிதித்துவிட்டு வெளிவரிசைக்கு நடந்தால், அதே செடியின் மகரந்தம் அதே செடிக்குப் போய்விடுகிறது. அக்கம்பக்கத்து வீட்டு மணம்! காட்டுச் சூரியகாந்தி இதற்கும் ஒரு தடை வைத்திருக்கிறது: தன் செடியின் மகரந்தம் எந்தப் பூவிலிருந்து வந்தாலும் அது ஏற்பதில்லை. தன்-ஒவ்வாத்தன்மை என்பது இதுதான். பக்கத்துப் பூவின் மகரந்தத்தையும் சொந்த மகரந்தத்தையும் செடி ஒரே மாதிரி நிராகரிக்கிறது. அது இரண்டையும் ‘தான்’ என்றே எடுத்துக்கொள்கிறது. நாம் ஏன் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும்?


இலைக்காம்பு:

மிக்க நன்றி அக்கா, ஐயா. டார்வினின் அந்த அடுத்த படியை என் புத்தகங்கள் எதிலும் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு. ஒன்று, சேர்க்கையா கருவுறுதலா என்ற கேள்வி நிற்கிறது. இரண்டு, ‘மற்றச் செடி’ என்று எடுத்துக்கொண்டால் ஒட்டுச்செடிகளை என்ன செய்வது? ஒரே தாய்மரத்தின் கிளைகளை ஒட்டுக்கட்டி ஐம்பது மரம் வளர்த்தால், அவை ஐம்பது செடியா, ஒரு செடியா?


நாற்றங்கால்:

இரண்டாவது கேள்வி என்னை மிகவும் சந்தோஷப்படுத்தியது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே செடி. எண்ணிக்கைக்கு ஐம்பது மரம், வேர்கள் தனித்தனி. ஆனால் பூ விடும் கிளைகள் எல்லாவற்றுக்கும் மரபு ஒன்று. ஆப்பிள் தோட்டக்காரர்களுக்கு இது பாடமாகத் தேவைப்படுவதே இல்லை, அனுபவமே சொல்லிவிடும். ஆப்பிளின் பெரும்பாலான ரகங்களுக்குத் தன்-ஒவ்வாத்தன்மை உண்டு. ஒரே ரகத்தை மட்டும் ஒட்டுக்கட்டித் தோட்டம் முழுக்க நட்டால் பூத்துக் குலுங்கும், தேனீயும் மரம் விட்டு மரம் போகும், காய் மட்டும் சரியாகப் பிடிக்காது. நடுநடுவே அதே சமயத்தில் பூக்கும் வேறு ரகத்தை நட்டால்தான் காய்ப்பு வரும். மகரந்தம் அடுத்த மரத்திலிருந்து வந்தாலும் மரபு ஒன்றாக இருந்தால் அது ஜீனோகேமி ஆகாது. ஆகவே ‘மற்றச் செடி’ என்பதைவிட ‘மரபில் வேறான செடி’ என்று எழுதினால் எந்த இடத்திலும் இடிக்காது.

இனி சேர்க்கையா, கருவுறுதலா. சொல் திருமணத்தைச் சொல்கிறது. மகரந்தம் சூலகமுடியில் வந்து விழுவது அதற்கு முந்திய படிதான். விழுந்த மகரந்தம் ஈரத்தை உறிஞ்சி முளைத்து, குழாயாக நீண்டு, சூலகத்தண்டின் வழியாக இறங்கி, சூலுக்குள் நுழைந்து, அங்கே ஆண் கேமீட்டும் முட்டையும் இணைந்தால்தான் கருவுறுதல். மகரந்தக்குழாயை முதலில் கண்டவர் இத்தாலியின் ஜியோவன்னி பத்திஸ்தா அமிச்சி, 1824இல். பூக்கும் தாவரத்தில் உட்கருக்கள் இணைவதைத் தாவரவியலாளர் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் கண்டது 1884இல். கணக்குப் பாருங்கள்: கெர்னர் பெயர் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பூவுக்குள் அந்த இணைவு உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை யாரும் பார்த்திருக்கவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது பூச்சியும் காற்றும் மகரந்தமும்தான். அதனால்தான் அந்தக் காலத்து எழுத்தில் சேர்க்கையும் கருவுறுதலும் ஒரே சொல்லுக்குள் கலந்து கிடக்கின்றன. டார்வின் ‘அயல் கருவுறுதல்’ என்று எழுதும் இடங்கள் பலவற்றில் நாம் இன்று மகரந்தச் சேர்க்கை என்றே சொல்வோம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு வேலையில் தினமும் வருகிறது. முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்தில் தன் மகரந்தம் சூலகமுடியின் மேற்பரப்பிலேயே தடுக்கப்படும், முளைக்கவே விடாது. புகையிலை, பெட்டூனியா குடும்பத்தில் முளைக்க விடும். குழாய் சூலகத்தண்டில் பாதி வழியில் நின்றுவிடும். இரண்டிலும் சேர்க்கை நடந்தது, கருவுறுதல் நடக்கவில்லை. சூலகமுடியில் தன் மகரந்தமும் அயல் மகரந்தமும் கலந்தே விழுகின்றன, அதில் எது சூல்வரை போகிறது என்பதுதான் கேள்வி. அதனால் கறாராகச் சொன்னால் அல்லோகேமி என்பது அயல் கருவுறுதல். அயல் மகரந்தச் சேர்க்கை அதற்கான வழி. பாடப்புத்தகம் வழியின் பெயரை முழுமைக்கும் வைத்திருக்கிறது. தேர்வில் அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆனால் உங்களுக்குள் வித்தியாசம் தெரிந்திருக்கட்டும்.

கலப்பினமாக்கலோடும் இதைக் குழப்ப வேண்டாம். ஒரே இனத்துக்குள் இரண்டு செடிகள் சேர்ந்தாலே அல்லோகேமிதான். புகையிலையில் ஜெர்மன் தாவரவியலாளர் கோல்ராய்ட்டர் 1760களில் செய்ததுபோல இரண்டு வெவ்வேறு இனங்களைச் சேர்ப்பது வேறு கதை.


கதிர்மணி:

இந்த இழையைப் படித்ததும் ஒன்று சேர்க்கத் தோன்றியது. மக்காச்சோளத்தில் அல்லோகேமி நடந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம், விதையை நட்டு வளர்க்கக்கூடத் தேவையில்லை.

வெள்ளை மணி ரகத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் மணி ரகம் நின்றால், வெள்ளைக் கதிரில் ஆங்காங்கே மஞ்சள் மணிகள் வரும். கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் ஒரு சூலுக்குச் சொந்தமானது. எந்த இழையில் மஞ்சள் ரகத்தின் மகரந்தம் விழுந்ததோ அந்த மணி மட்டும் மஞ்சள். உரித்துப் பார்த்தால், காற்று எந்த இழைக்கு யாருடைய மகரந்தத்தைக் கொண்டுவந்தது என்று மணி மணியாக எழுதி வைத்திருக்கும்.

தகப்பன் குணம் அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்காமல் தாய்க் கதிரிலேயே எப்படித் தெரிகிறது என்று பலரும் கேட்பார்கள். மணிக்குள் கருவுக்கு உணவாக இருக்கும் கருவூண் திசுவும் கருவுறுதலில்தான் உண்டாகிறது. ஒரு ஆண் கேமீட் முட்டையோடு சேர்கிறது, இன்னொன்று கருவூணை உண்டாக்கும் உட்கருக்களோடு சேர்கிறது. இந்த இரட்டைக் கருவுறுதலைக் கண்டுபிடித்தவர் ரஷ்யாவின் செர்கெய் நவாஷின், 1898இல். மஞ்சள் நிறம் இருப்பது அந்தக் கருவூணில். இந்த விளைவுக்குப் பெயர் ‘ஜீனியா’. ஃபோக்கே என்ற ஜெர்மானியர் 1881இல் வைத்தது, காரணம் தெரிவதற்கு முன்பே. வேர்ச்சொல் ஐயா சொன்ன அதே ‘க்ஸெனோஸ்’ குடும்பம். கிரேக்கத்தில் விருந்தினருக்குக் கொடுக்கும் அன்பளிப்பை இப்படிச் சொல்வார்கள்.


வேர்ச்சொல்:

அருமை, கதிர்மணி. இதே வேரில் இன்னொன்று: செனான் வாயு. 1898இல் ராம்சேயும் டிராவர்ஸும் அதைக் கண்டுபிடித்து அந்நியன் என்றே பெயர் வைத்தார்கள். நவாஷின் கண்டுபிடித்த அதே ஆண்டு. இலைக்காம்பு, ஜீனோகேமியின் முதல் எழுத்தை ஜீ, சீ, ஸெ என்று விதவிதமாக எழுதுவார்கள். தேர்வுக்கு உங்கள் பாடநூலில் உள்ளதையே பின்பற்றுங்கள்.


இலைக்காம்பு:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. தேனீயைப் பின்தொடர முடியாத இடத்தில், ஒரு செடி எவ்வளவு தூரம் அல்லோகேமியை நம்பியிருக்கிறது என்று எப்படி அளக்கிறார்கள்? ‘பெரும்பாலும் அயல்’, ‘அடிக்கடி அயல்’ என்று பயிர்களைப் பிரித்திருக்கிறார்களே, அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது?


நாற்றங்கால்:

கதிர்மணி சொன்னதே அளவுகோல். ஒடுங்கிய குணம் உள்ள ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள், மக்காச்சோளத்தில் வெள்ளை மணி. அதைச் சுற்றிலும் ஓங்கிய குணம் (ஜோடியில் ஒன்று இருந்தாலே வெளியே தெரிவது) உள்ள மஞ்சள் மணிச் செடிகளை நடுங்கள். எல்லாம் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். யாரும் தொடாமல் இயற்கையாக விட்டுவிட்டு, நடுவில் நிற்கும் அந்த ஒரு செடியின் கதிரை மட்டும் அறுத்து எண்ணுங்கள். மஞ்சள் மணி ஒவ்வொன்றும் ஜீனோகேமி. வெள்ளை மணி ஒவ்வொன்றும் அந்தச் செடியின் சொந்த மகரந்தம். நடுவில் வெள்ளை ஒன்றே ஒன்று நிற்க வேண்டும் என்பது முக்கியம். இரண்டு நின்றால், வெள்ளைக்கு வெள்ளை சேர்ந்தது அயலாக இருந்தாலும் உங்கள் கணக்கில் தன்சேர்க்கையாக விழுந்துவிடும்.

மக்காச்சோளத்தில் இப்படி எண்ணினால் கதிர் ஏறக்குறைய முழுக்க மஞ்சளாக இருக்கும். மற்றப் பயிர்களில் மணியிலேயே தெரியாது. விதையை முளைக்கப் போட்டு, நாற்றின் தண்டு பச்சையா ஊதாவா என்பதுபோன்ற ஒரு அடையாளத்தை வைத்து எண்ணுவோம். நெல், கோதுமை, நிலக்கடலை இவற்றில் அயல் பிள்ளைகள் மிகச் சொற்பம். 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தன்சேர்க்கைப் பயிர் என்று வைப்பது வழக்கம். பருத்தி, துவரை, சோளம் நடுவில் வரும். இடத்துக்கும் பூச்சி நடமாட்டத்துக்கும் ஏற்ப அவற்றின் அளவு ஏறி இறங்கும். அதனால்தான் அவற்றுக்கு ‘அடிக்கடி’ என்று ஒரு தளர்வான பெயர். கம்பு, சூரியகாந்தி, மக்காச்சோளம் ‘பெரும்பாலும் அயல்’ பக்கம். பனை, பேரீச்சை போல ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறாக உள்ளவற்றுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. அங்கே கெய்டனோகேமிக்கும் இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருக்கும் பயிர்களில் இந்தச் சோதனையால், சொந்தப் பூவின் மகரந்தத்தில் வந்த விதையையும் அதே செடியின் பக்கத்துப் பூ மகரந்தத்தில் வந்த விதையையும் பிரிக்கவே முடியாது. இரண்டும் அதே ஒடுங்கிய குணத்தைத்தான் காட்டும். பயிர்ப்பெருக்கப் புத்தகம் கெய்டனோகேமியைத் தன்சேர்க்கையோடு ஏன் வைத்தது என்பதற்கு இதுவே நேரடியான காரணம்.

தேர்வில் கேட்டால் இப்படி எழுதுங்கள்: மரபில் வேறான இரண்டு செடிகளின் கேமீட்கள் இணைவது அல்லோகேமி, கிரேக்கத்தில் மற்ற என்னும் பொருளுள்ள அல்லோஸ், திருமணம் என்னும் பொருளுள்ள காமோஸ் இரண்டும் சேர்ந்த சொல். அதற்கு அடுத்த வரியில், கெர்னரின் பழைய பாகுபாட்டில் கெய்டனோகேமியும் இதற்குள் வரும், மரபியல் நோக்கில் அது தன்சேர்க்கை என்று சேர்த்துவிடுங்கள். எந்தப் புத்தகத்தை வைத்துத் திருத்தினாலும் பதில் நிற்கும்.